சாங்ஷன்: அனுமதியா, தடையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேங்கிலிருந்து போன் வருகிறது: “சார், உங்க லோன் சாங்ஷன் ஆயிடுச்சு.” வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று இரவு செய்தியில் ரஷ்யா மீது ஐரோப்பிய நாடுகள் சாங்ஷன் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கேட்கிறது: “அப்போ ரஷ்யாவுக்கும் லோன் கிடைச்சிருச்சா?”

சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத கேள்வி அது. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் பல வருடம் இருந்ததால் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாங்ஷன் என்றால் சுருக்கமாக என்ன?

அதிகாரத்தில் இருப்பவர் ஒரு செயலுக்கு முறைப்படி கொடுக்கும் ஒப்புதல், இது ஒரு பொருள். விதியை மீறியவர் மீது அதே அதிகாரம் விதிக்கும் தண்டனை அல்லது தடை, இது இன்னொன்று. இரண்டும் சரி, இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும்.

இரண்டிலும் அதிகாரம் இருப்பதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடியில் நம்மைத் துணி காயப்போட விட்டால் அது வெறும் அனுமதி. சாங்ஷன் என்று சொல்ல, பின்னால் ஒரு நாற்காலியும் கையெழுத்தும் வேண்டும்.

ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது?

லத்தீனில் ‘சங்கீரே’ என்று ஒரு வினைச்சொல். ஒன்றைப் புனிதமாக்கி, யாரும் மீறக்கூடாதது என்று நிலைநிறுத்துவது அதன் பொருள். புனிதரைக் குறிக்கும் ‘செயின்ட்’ இந்த வேரிலிருந்து வந்ததுதான். வேடந்தாங்கல் போகும் வழியில் பெயர்ப்பலகையில் பார்க்கிறோமே, பறவைகள் ‘சாங்சுவரி’, அதுவும் இதே குடும்பம்.

புனிதத்துக்கும் தண்டனைக்கும் என்ன உறவு? ரோமானியர்களே இதற்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட சட்டப் பாடநூலில் நகரத்தின் மதில்களையும் வாயில்களையும் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. மதிலைப் புனிதமானது என்று சொல்கிறோமே, ஏன்? அதற்குத் தீங்கு செய்பவனுக்கு மரண தண்டனை என்று வைத்திருப்பதால்தான். அதனால்தான் சட்டத்தில் மீறுபவர்களுக்குத் தண்டனை சொல்லும் பகுதியையும் ‘சாங்க்ஷியோ’ என்கிறோம். அந்தப் பாடநூல் சொல்வது இவ்வளவுதான்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ‘இது மீறக்கூடாதது’ என்பதும் ‘மீறினால் இது கிடைக்கும்’ என்பதும் அவர்களுக்கு ஒரே பேச்சின் இரண்டு பாதிகள். நம் ஊரில் எல்லைச்சாமி கோயில் மரத்தில் யாரும் கோடாலி வைக்காததற்கு என்ன காரணமோ, அதேதான்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் சட்டம், கட்டளை என்ற பொருளில் நுழைந்தது. அப்புறம் இரண்டு கிளையாகப் பிரிந்தது. சட்டத்தின் பலத்தைக் கொடுப்பது என்ற கிளை ‘ஒப்புதல்’ ஆனது. சட்டத்தை மீறினால் வரும் பலன் என்ற கிளை ‘தண்டனை’ ஆனது. வினைச்சொல்லாக ஒப்புதல் பொருளில் 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ‘தண்டிப்பது’ என்ற வினைப்பொருள் 20ஆம் நூற்றாண்டில் வந்த பிள்ளை.

ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு விளையாட்டுச் செய்தியில் மாட்டிக்கொண்டேன். ஒழுங்குக் குழு ஒரு வீரரை ‘சாங்ஷன்டு’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. ‘அந்த வீரருக்குக் குழு அனுமதி அளித்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மூத்தவர் ஒருவர் கூப்பிட்டு, “தடை வாங்கினவனை நீ ஆட விட்டுட்டியேப்பா” என்றார். அதன்பிறகு நானே ஒரு வழி பிடித்தேன்: வினைக்குச் செயப்படுபொருளாக எது வருகிறது என்று பார்ப்பது.

பணம், விடுப்பு, பணியிடம், திட்டம், கட்டடம், செலவு என்று ஒரு காரியமோ பொருளோ வந்தால் அது அனுமதி. ‘அரசு 2 கோடியை சாங்ஷன் செய்தது’ என்றால் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆள், கம்பெனி, கப்பல், நாடு என்று பொறுப்பேற்கக்கூடிய ஒரு தரப்பு வந்தால் அது தண்டனை. ‘அரசு அந்தக் கம்பெனியை சாங்ஷன் செய்தது’ என்றால் கம்பெனிக்குக் கெட்ட காலம்.

பத்தில் ஒன்பது வாக்கியம் இதில் அடங்கிவிடும். மீதி ஒன்றுக்கு, எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்க வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் அனுமதிப் பொருள்தான் ராஜா, ஏனென்றால் நம் ஆங்கிலம் அரசாங்க ஆபீஸ் கோப்பில் வளர்ந்தது. அமெரிக்கப் பத்திரிகையில் இதைப் பார்த்தால் முதலில் தண்டனையை நினைத்துக்கொண்டு படிப்பதே பாதுகாப்பு.

‘சாங்ஷன்ஸ்’ என்று பன்மையில் வந்தால்?

பெயர்ச்சொல் என்றால் அநேகமாக எப்போதும் தடைகள்தான். ஆனால் ஒரு பொறி உண்டு. ‘கேபினட் சாங்ஷன்ஸ் நியூ ரயில்வே லைன்’ என்ற தலைப்பில் அந்த ‘ஸ்’ பன்மை விகுதி கிடையாது. ஒருமை எழுவாய்க்கு வந்த வினை விகுதி அது. புதிய ரயில் பாதைக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, தடை எதுவும் போடவில்லை.

‘அன்சாங்ஷன்டு’ என்றால் தடை நீங்கியதா?

இல்லை. முன்னால் ‘அன்’ சேர்ந்தால் அநேகமாக ஒரே பொருள்தான்: அனுமதி இல்லாமல் நடந்தது. அனுமதி பெறாத ஊர்வலம், சங்கம் அங்கீகரிக்காத போட்டி இதற்கெல்லாம் வரும். தண்டனைக் கிளைக்கு எதிர்ச்சொல்லே வளரவில்லை. தடையை நீக்கினார்கள் என்று சொல்ல ‘லிஃப்ட்’ என்ற வேறு வினை வேண்டும்.

தமிழில் இதற்கு நல்ல சொல் எது?

ஒரே சொல்லைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தண்டனைப் பொருளுக்கு நாடுகள் விஷயத்தில் ‘பொருளாதாரத் தடை’ நன்றாக நிலைத்துவிட்டது. ஆட்கள் விஷயத்தில் ‘தண்டனை’ அல்லது ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று எழுதலாம்.

அனுமதிப் பொருளுக்குத் தமிழக அரசாணைகளில் ‘ஒப்பளிப்பு’ என்ற அழகான சொல் இருக்கிறது. ‘நிதி ஒப்பளிப்பு செய்து அரசு ஆணையிடுகிறது’, ‘ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள்’ என்று வரும். ஒப்பு, அளிப்பு இரண்டும் சேர்ந்தது, பொருள் கச்சிதம். என்ன, தலைமைச் செயலகத்து வாசலைத் தாண்டி அது வெளியே வரவேயில்லை. டீக்கடையில் ‘லோன் ஒப்பளிப்பு ஆயிடுச்சு’ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பத்திரிகைகளில் இதை ‘நிதி ஒதுக்கீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு, சின்னத் தவறும் இல்லை. பட்ஜெட்டில் ஒரு துறைக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பது ஒதுக்கீடு. அதிலிருந்து இன்ன வேலைக்கு இவ்வளவு செலவு செய்யலாம் என்று அதிகாரம் கொடுப்பது ஒப்பளிப்பு. பணத்தை நிஜமாகவே கையில் கொடுப்பது விடுவிப்பு. ஊருக்குப் பாலம் வரும் என்று ஒதுக்கீட்டுச் செய்தியைப் படித்து வெடி போட்டவர்கள், விடுவிப்பு வரும்வரை ஓடையில் இறங்கித்தான் நடந்திருப்பார்கள். போதாததற்கு, கட்டுமான வேலை என்றால் ஒப்பளிப்பே இரண்டு வகை: வேலை தேவைதான், இவ்வளவு செலவாகும் என்று ஏற்பது நிர்வாக ஒப்புதல், வரைபடமும் மதிப்பீடும் பொறியியல்படி சரி என்று பொறியாளர் ஏற்பது தொழில்நுட்ப ஒப்புதல்.

லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்றால் பணம் வந்துவிட்ட மாதிரிதானே?

மேலே சொன்ன கதையேதான். சாங்ஷன் லெட்டர் என்பது ‘இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு இவ்வளவு கடன் தரத் தயார்’ என்று பேங்க் தரும் ஒப்புதல். வட்டி விகிதம், தவணைக் காலம், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக் கடன் என்றால் பத்திரத்தை வக்கீல் பார்க்க வேண்டும், வீட்டை மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும். இதிலெல்லாம் தேறிய பிறகு பணம் கைக்கு வருவதற்கு ‘டிஸ்பர்ஸ்மென்ட்’ என்று பெயர். கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் வேலை முடிய முடிய, பகுதி பகுதியாகத்தான் வரும்.

சாங்ஷன் லெட்டருக்குக் காலாவதித் தேதியும் உண்டு. அதை நம்பி வீட்டை விற்பவருக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். முதல் பக்கத்தில் தொகை பெரிய எழுத்தில் இருக்கும், நிபந்தனைகள் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும்.

மனை விளம்பரங்களில் ‘அப்ரூவ்டு’ என்றுதானே போடுகிறார்கள், ஏன் ‘சாங்ஷன்டு’ இல்லை?

பழக்கம்தான். தமிழ்நாட்டில் ‘டிடிசிபி அப்ரூவ்டு’, ‘சிஎம்டிஏ அப்ரூவ்டு’ என்பது காதில் ஊறிப்போனது (இரண்டும் மனை, கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகள்). பிற மாநிலங்கள் சிலவற்றில் அதே வரைபடத்தை ‘சாங்ஷன்டு பிளான்’ என்பார்கள். விஷயம் ஒன்றே.

கரன்ட் கனெக்‌ஷனில் வரும் ‘சாங்ஷன்டு லோடு’ என்ன?

உங்கள் இணைப்பில் இவ்வளவு கிலோவாட் வரை இழுக்கலாம் என்று மின்வாரியம் ஏற்றுக்கொண்ட அளவு. தமிழில் ‘அனுமதிக்கப்பட்ட மின்பளு’. எத்தனை யூனிட் ஓடியது என்பது வேறு கணக்கு. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை ஏறலாம் என்பது இந்தக் கணக்கு. இரண்டு ஏசி புதிதாக வாங்கினால் இந்த எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

‘சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த்’ என்பதும் இப்படித்தான். உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 பேர் என்று 2019இல் உயர்த்தினார்கள். அது இருக்கக்கூடிய நாற்காலிகளின் எண்ணிக்கை, இருப்பவர்களின் எண்ணிக்கை அல்ல. காலியிடம் என்று நாம் சொல்வது இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான்.

‘வழக்குத் தொடர சாங்ஷன்’ என்று செய்தியில் வருகிறதே, அது அனுமதியா தண்டனையா?

அனுமதி. ஆனால் யாருக்கு, எதற்கு என்பதில்தான் சுவாரசியம். ஓர் அரசு ஊழியர் தன் பணியின் பேரில் செய்த காரியத்துக்காக அவர் மீது நினைத்தவரெல்லாம் கிரிமினல் வழக்குப் போட்டால், நாளைக்கு எந்த அதிகாரியும் கோப்பில் கை வைக்க மாட்டார். அதனால் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 218ஆவது பிரிவு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் இதற்கென்று 19ஆவது பிரிவு தனியாக இருக்கிறது.

கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் வழக்கே நடக்காது என்ற புகார் ரொம்ப நாளாக இருந்தது. புதிய சட்டத்தின் 218ஆவது பிரிவு இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது: கோரிக்கை வந்து 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அலவ், பெர்மிட், கிராண்ட், சாங்ஷன் எல்லாம் ஒன்றுதானே?

ஒரே தெருதான், வீடு வேறு. ‘அலவ்’ யாரும் யாருக்கும் சொல்லலாம். அம்மா பிள்ளையை டிவி பார்க்க அலவ் பண்ணலாம், ஜன்னல் காற்றை அலவ் பண்ணலாம். ‘பெர்மிட்’ கொஞ்சம் விறைப்பு, விதி சார்ந்தது. அதே சொல் பெயராக மாறி ஒரு காகிதமாகவும் ஆகிவிடும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பஸ்ஸும் லாரியும் ஓட பெர்மிட் வேண்டும், அதை ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். காகிதத்தைச் சொல்லும்போது முதல் அசையையும், அனுமதிப்பது என்ற வினையைச் சொல்லும்போது இரண்டாம் அசையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாங்ஷனில் அந்தத் தொல்லை இல்லை, எப்போதும் முதல் அசைதான்.

‘கிராண்ட்’ கேட்டவருக்குக் கொடுப்பது. கேட்காமல் கிராண்ட் வராது. சாங்ஷன், காரியத்துக்கு அதிகாரத்தின் முத்திரை விழுவது.

நாடுகள் மீதான சாங்ஷன் எப்போது தொடங்கியது?

வணிகத்தை நிறுத்தி எதிரியைப் பணிய வைப்பது பழங்காலத்திலிருந்தே உண்டு. அதற்கு இந்தச் சொல் பரவலாக ஒட்டிக்கொண்டது முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) காலத்தில். 1935 அக்டோபரில் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. நவம்பரில் சங்கம் இத்தாலி மீது தடைகள் போட்டது. ஆனால் டாங்கியும் விமானமும் எதில் ஓடுமோ அந்தப் பெட்ரோலியத்தைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை! 1936 ஜூலையில் தடைகளையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் எத்தியோப்பியா விழுந்திருந்தது.

பிறகு ஐ.நா. வந்தது. அதன் சாசனத்தின் 41ஆவது பிரிவுதான் இந்தத் தடைகளுக்கு ஆதாரம். ஆனால் அந்தப் பிரிவில் ‘சாங்ஷன்’ என்ற சொல்லே இல்லை. ‘ஆயுதப் படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள்’ என்று சுற்றிவளைத்துச் சொல்லியிருக்கிறார்கள். 1966இல் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) மீதும், 1977இல் ஆயுத விற்பனைக்கு மட்டுமாகத் தென்னாப்பிரிக்கா மீதும், 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் புகுந்த நான்கே நாளில் இராக் மீதும் பாதுகாப்பு கவுன்சில் தடை விதித்தது.

இராக்கில் சாதாரண ஜனங்கள் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு போக்கு மாறியது. முழு நாட்டையும் முடக்குவதைவிட, குறிப்பிட்ட ஆட்களின் வங்கிக் கணக்கையும் பயணத்தையும் முடக்கலாம் என்று வந்தார்கள். இந்த வினைச்சொல் இன்று இவ்வளவு தாராளமாக ஆட்பெயர்களோடு சேர்ந்து வருவதற்கு அந்த மாற்றம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். முன்பு நாடுகள் மீது ‘விழுந்த’ ஒன்று, இப்போது மனிதர்களை நேராகப் பிடிக்கும் வினையாகிவிட்டது.

இந்தியாவும் இதை அனுபவித்திருக்கிறது. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா தடைகள் போட்டது. அவற்றில் பெரும்பகுதியை 2001 செப்டம்பரில் நீக்கியது.

எம்பார்கோவும் சாங்ஷனும்?

எம்பார்கோ வணிகத்தை நிறுத்துவது மட்டும். சாங்ஷன் பெரிய குடை, எம்பார்கோ அதற்குள் ஒரு கம்பி. கியூபா மீது 1962இல் அமெரிக்கா போட்டதற்கு எம்பார்கோ என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் இரண்டையும் ‘தடை’ என்றே எழுதுகிறோம், வேறு வழி தெரியவில்லை.

சட்டக் கல்லூரியில் ஆஸ்டின் பாடத்தில் வரும் சாங்ஷன் எது?

தண்டனை. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832இல் சொன்னது இது: சட்டம் என்பது இறையாண்மை உள்ளவரின் கட்டளை, கீழ்ப்படியாவிட்டால் வரும் தீங்குதான் சாங்ஷன். அவருக்கு முன்னால் தத்துவ அறிஞர் பெந்தாம் இந்தச் சொல்லை அகலமாக எடுத்துக்கொண்டிருந்தார். இயற்கை, அரசு, சமூகம், மதம் ஆகிய நான்கிலிருந்தும் மனிதனுக்கு வரும் இன்பமும் துன்பமும் அவருக்கு சாங்ஷன்தான். பரிசையும் இதில் சேர்ப்பது சொல்லைக் கெடுப்பது என்று ஆஸ்டின் மறுத்தார். தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதினால் மார்க் கிடைக்கும்.

வரலாற்றுப் பாடத்தின் ‘பிராக்மாட்டிக் சாங்ஷன்’?

அது அனுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை. பழைய ‘கட்டளை’ப் பொருள் அங்கே உறைந்து நிற்கிறது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713இல் தன் நாடுகள் மகளுக்கும் போகலாம் என்று வெளியிட்ட அரசாணை. 1740இல் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்ததும், அதை ஏற்பதாக வாக்குக் கொடுத்திருந்தவர்களே சண்டைக்கு வந்தார்கள்.

இப்படி இரட்டைப் பொருள் உள்ள வேறு சொற்கள் உண்டா?

உங்கள் பாஸ்போர்ட்டை எடுங்கள். குடியரசுத் தலைவர் பெயரில் ஓர் ஆங்கில வேண்டுகோள் இருக்கும். அதில் இவரை ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ இல்லாமல் போகவிடுங்கள் என்று வருகிறது. ‘லெட்’ என்றால் விடுவதுதானே என்று குழம்ப வேண்டாம். இந்த ‘லெட்’டுக்குத் தடை என்று பொருள். டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையில் உரசி உரிய கட்டத்துக்குள் விழுந்தால் ‘லெட்’ என்கிறார்களே, அதுவும் இப்படித்தான் வந்தது என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கும் தடுப்பதற்கும் இரண்டு தனிச் சொற்கள் இருந்தன. காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றுபோல ஆகிவிட்டன. சாங்ஷன் கதை தலைகீழ், ஒரு சொல் இரண்டாகக் கிளைத்தது.

தமிழில் ‘நாற்றம்’ இருக்கிறது. பழந்தமிழில் அது நறுமணம். இன்றைக்கு யாரிடமாவது பாராட்டாகச் சொல்லிப் பாருங்கள். ஆனால் அங்கே பழைய பொருள் பேச்சிலிருந்து போய்விட்டது, சாங்ஷனில் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

லீவ் லெட்டரில் ‘கைண்ட்லி சாங்ஷன் மீ லீவ்’ என்று எழுதலாமா?

நம் ஊர் ஆபீஸ்களில் எல்லோரும் எழுதுகிறார்கள், லீவும் கிடைக்கிறது. ஆனால் ‘கிராண்ட்’ போல ‘எனக்கு இதை’ என்று இரண்டு செயப்படுபொருளை ஏற்கும் வினை இல்லை இது. ‘கிராண்ட் மீ லீவ்’ சரி, ‘சாங்ஷன் மை லீவ்’ சரி. ‘மீ’ வேண்டாம். வெளிநாட்டு மேலாளர் உங்கள் கடிதத்தை அவசரமாகப் படித்து ‘மீ’ வரைக்கும் வந்து நிறுத்தினார் என்றால், தயவுசெய்து என்னைத் தண்டியுங்கள் என்று நீங்களே கேட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.